மூக்குக்கும் கசக்கும்

டெங்கு பயம் கிளம்பினால் அம்பத்தூர்ப் பக்கம் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் கொடுப்பார்கள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு நடையைக் கட்டுபவரும் உண்டு, முதல் வாயிலேயே முகம் கோணுபவரும் உண்டு. அந்தக் கசப்பின் பெயர் ஆண்ட்ரோகிராஃபோலைடு. மனிதருக்குள்ள சுமார் 25 கசப்பு ஏற்பிகளில் டாஸ்2ஆர்50 அதைப் பிடிக்கிறது என்று 2009-ல் கண்டார்கள்.

இந்த ஏற்பிகள் நாக்கோடு நிற்பதில்லை. மூக்கு, நுரையீரல், குடல் எங்கும் இருக்கின்றன. 2012-ல் அமெரிக்காவின் ராபர்ட் லீ, நோம் கோஹன் குழு மூக்குச் செல்களை ஆராய்ந்தது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, தன் இனம் போதுமான அளவு கூடிவிட்டதா என்றறிய ஒருவகை வேதிப்பொருளைக் கசியவிடும். மூக்கிலுள்ள டாஸ்2ஆர்38 அதை ஒட்டுக்கேட்டுவிடுகிறது. சில நிமிடங்களில் செல் நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது. கிருமி சாகிறது, நுண்மயிர்கள் வேகமாக அசைந்து சளியை வெளியே தள்ளுகின்றன. இந்த ஏற்பி மந்தமாக அமைந்தவர்களிடம் கிருமி தங்கிவிடும், அழற்சி நாட்படும். சைனஸ் அறுவை சிகிச்சை வரை போகிறவர்களில் இவர்கள் அதிகம். தொழிற்பேட்டைப் புழுதிக்கும் லாரிப் புகைக்கும் பங்கில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரே லேத் பட்டறையில் ஒருவருக்கு மட்டும் மூக்கு அடைத்தே கிடப்பதற்கு மரபணுவும் ஒரு காரணமாகலாம். அதற்காக நிலவேம்பு குடித்தால் சைனஸ் ஓடிவிடும் என்று கிளம்பிவிட வேண்டாம். அதைப் பிடிப்பது வேறு ஏற்பி, அது போவதும் வயிற்றுக்கு.

அதே டாஸ்2ஆர்38 மந்தமானால் நாக்குக்கும் சில கசப்புகள் தெரியாது. அந்த மந்த நாக்கு வெளிச்சத்துக்கு வந்தது 1931-ல். டுபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் கையாண்ட பி.டி.சி. என்ற வேதிப்பொருளின் தூள் பறந்தது. உடனிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. 1939-ல் மரபியலாளர் ஃபிஷரின் குழு அதைச் சிம்பன்சிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றிலும் இரு கட்சி. பொது மூதாதையிடமிருந்து வந்த வேறுபாடு என்று அவர்கள் எண்ணியது 2006-ல் பொய்த்தது: சிம்பன்சியின் மந்தம் வேறொரு மரபணு மாற்றத்தால் தனியாக வந்தது. ஸ்பெயினில் கிடைத்த, சுமார் 48,000 ஆண்டு பழைய நியாண்டர்தால் எலும்பிலோ நம்முடைய அதே மந்த வடிவமும் இருந்தது.

நம் பக்கத்துப் பழைய மனிதர்கள் எப்படி? ஆவடி, திருவள்ளூர் தாண்டிப் பூண்டிப் பக்கம் அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள கற்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-ல் அறிவித்தது. அவற்றைச் செதுக்கியவர்களின் எலும்பு கிடைக்கவில்லை. அவர்கள் நாக்கில் எது கசந்தது என்று மரபணுவைப் படித்துச் சொல்ல வழியில்லை.

வெறும் குறைபாடு என்றால் இயற்கைத் தேர்வு அந்த மந்த வடிவத்தை எப்போதோ கழித்துக்கட்டியிருக்கும். ஆனால் உலகின் பல பகுதி மக்களிடம் அது இன்றும் தாராளமாக இருக்கிறது. நாம் இன்னும் அடையாளம் காணாத வேறொரு நஞ்சை அது உணரக்கூடும் என்பது ஆய்வாளர்கள் சிலரின் ஊகம்.