எக்ஸ்சேஞ்ச் செமஸ்டரா, ஏழு நாள் டூரா?

எம்.பி.ஏ. கல்லூரிகளின் விளம்பரக் கையேட்டைப் புரட்டினால் முதல் நாலு பக்கத்துக்குள் அந்தப் படம் வந்துவிடும். கோட் போட்ட இருவர் கைகுலுக்குவார்கள், நடுவில் இரண்டு நாட்டுக் கொடிகள் நிற்கும், கீழே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒப்பந்தத்தின் பேரில் போன வருஷம் யாராவது ஒரு செமஸ்டர் முழுக்க அங்கே படித்தார்களா, படித்தது மதிப்பெண் பட்டியலில் ஏறியதா என்று கேட்கும் பெற்றோர் குறைவு. சேர்க்கைக்கு முன் கேட்க வேண்டியது அதைத்தான்.

உண்மையான மாணவர் பரிமாற்றத்தைக் கட்டண ரசீதை வைத்தே கண்டுபிடிக்கலாம். கல்விக் கட்டணத்தை வழக்கம்போல் சொந்தக் கல்லூரிக்குக் கட்டுவீர்கள். போய்ப் படிக்கும் இடம் அதை வாங்காது. இங்கிருந்து சிலர் போகிறார்கள், அங்கிருந்து சிலர் வருகிறார்கள், கணக்கு நேராகிவிடுகிறது. ஐ.ஐ.எம். மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் ஐரோப்பிய பிசினஸ் ஸ்கூல்களுக்கு ஒரு டெர்ம் போய்வருவது இந்த முறையில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் இதை எழுத்திலேயே உறுதி செய்கிறது: கல்வி, பதிவு, தேர்வு, ஆய்வகம், நூலகம் எதற்கும் கட்டணம் கேட்கக் கூடாது. உள்ளூர் மாணவரும் கட்டுகிற காப்பீடு, மாணவர் சங்கச் சந்தா மாதிரியான சிறு தொகைகளை மட்டும் கேட்கலாம்.

இரண்டாவது அடையாளம், நாமினேஷன். உங்கள் பெயரைச் சொந்தக் கல்லூரியின் சர்வதேச உறவுகள் அலுவலகம் எழுதி அனுப்பினால்தான் எக்ஸ்சேஞ்ச் இடம் கிடைக்கும். அதனால், "ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம் தம்பி, நாளைக்குள்ள அட்வான்ஸ் போட்டுடுங்க" என்று ஏஜென்ட் போன் செய்தால் அவர் விற்பது எக்ஸ்சேஞ்ச் இல்லை. கட்டணம் கட்டி வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கும் வழியும் இருக்கிறது, அதில் தப்பு ஒன்றுமில்லை. அதற்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர் வைத்துக் காசு வாங்குவதுதான் தப்பு.

பெரிய அடி விழுவது கிரெடிட் விஷயத்தில். புறப்படும் முன் லேர்னிங் அக்ரிமென்ட் என்று ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். இடது பக்கம் அங்கே நீங்கள் எடுக்கப்போகும் பாடங்கள், அவற்றின் குறியீடு, கிரெடிட். வலது பக்கம் அவற்றுக்கு ஈடாக இங்கே விலக்குப் பெறும் பாடங்கள். அடியில் மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் என்று மூன்று கையெழுத்து. ஐரோப்பிய கிரெடிட் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 வரும். நம் ஊர் கிரெடிட்டோடு அது ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. எது எதற்கு ஈடு என்று முன்கூட்டியே எழுதி வாங்காமல் போனால், திரும்பி வந்ததும் வருகைப்பதிவுப் பற்றாக்குறையும் அரியருமாக நிற்க நேரும்.

இணைப்புக் கல்லூரியில் படிப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே பார்க்க வேண்டும். தேர்வு நடத்துவதும் பட்டம் தருவதும் பல்கலைக்கழகம். கல்லூரி முதல்வர் போட்ட ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. கிரெடிட் மாற்றத்துக்குப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்ற பதில் வந்தால் கடிதம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர், துபாய் என்று ஒரு வாரம் கூட்டிப்போய், இரண்டு தொழிற்சாலையும் ஒரு வகுப்பறையும் காட்டிச் சான்றிதழ் கொடுக்கும் பயணங்கள் வேறு ரகம். பிடித்தால் போகலாம். ஆனால் சேர்க்கைக் கையேட்டில் சொல்லாத தொகையைப் பிற்பாடு கட்டாயமாக்கினால், அது 2023ஆம் ஆண்டின் யு.ஜி.சி. மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி முறையிடத்தக்க குறை. கையேட்டில் தவறான தகவல் கொடுப்பதும் அப்படியே.

அடுத்து இரட்டைப் பட்டம். இந்திய, வெளிநாட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் படிப்புகளுக்கு 2022ல் யு.ஜி.சி. விதி வகுத்தது. ட்வின்னிங் முறையில் 30 சதவீத கிரெடிட் வரைதான் வெளியே படிக்கலாம். பட்டம் தருவது இந்திய நிறுவனம். இரட்டைப் பட்டத்தில் குறைந்தது 30 சதவீதமாவது இந்திய நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பெயர்ப்பலகையை வாடகைக்கு எடுத்து நடத்தும் ஃபிரான்சைஸ் ஏற்பாட்டுக்கு இடமே இல்லை. எட்டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆன்லைனில் விற்கும் பட்டங்கள் செல்லாது என்று 2023 டிசம்பரில் யு.ஜி.சி. எச்சரித்தது. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு எம்.பி.ஏ. என்ற விளம்பரங்கள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. அரசு வேலைக்கோ பிஎச்.டி.க்கோ போகும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் என்று சொல்லி டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறவர்களும் உண்டு. சுற்றுலா விசாவில் வேலை பார்த்துப் பிடிபட்டால் முதலில் மாட்டுவது நீங்கள்தான், பாஸ்போர்ட் உங்களுடையது. கனடாவில் 2023ல் வெளிவந்த போலிச் சேர்க்கைக் கடித விவகாரத்தில் பஞ்சாப் மாணவர்கள் பட்டது இதே பாடு. கடிதம் போலி என்று பலருக்குத் தெரிந்ததே, பல வருஷம் கழித்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான். அதன்பின் அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல், சேர்க்கைக் கடிதங்களைக் கல்லூரிகளிடமே கேட்டுச் சரிபார்க்கிறது கனடா அரசு. நீங்களும் அந்தக் கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு எழுதிக் கேட்கலாம். பதில் வரச் சில நாள் ஆகலாம், செலவு கிடையாது.

பிரச்சினை கல்லூரியோடு என்றால், முதலில் அங்குள்ள மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதன் முடிவு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஓம்பட்ஸ்பெர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுவதும் அங்கே முறையிடத்தக்கதுதான்.

ஏஜென்ட்டோடு என்றால் நுகர்வோர் ஆணையம். அவருடைய அலுவலகம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். போலிக் கடிதம் என்றால் இதோடு நிற்காமல் போலீஸிலும் புகார் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்தை நிரூபிப்பது கஷ்டம் என்பதால் எல்லாத் தொகையும் வங்கி வழியாகப் போகட்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தால், வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் அங்கிருந்தே புகாரைப் பதியலாம். அது அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகும்.