வெள்ளம் முதலில் வரும் தெரு

பருவநிலை மாற்றம் என்று கரும்பலகையில் எழுதினால், பிள்ளைகள் உருகும் பனிமலையையும் வெள்ளைக் கரடியையும் வரைகிறார்கள். தென்பெண்ணைக் கரையில் பனிமலை ஏது? அதனால் எங்கள் மாலை வகுப்பை ஒருநாள் தெருவுக்கே கொண்டுபோனோம். ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்தே வந்தார்கள்.

கொத்தனார் ஒருவரிடம் மட்டக்குழாயை இரவல் வாங்கினோம். அதில் தண்ணீர் நிரப்பி, ஊரிலிருந்து காலனி வரை மட்டம் பார்த்துக்கொண்டே போனோம். ஊர்க் கோயிலின் வாசற்படியும் காலனி வீட்டின் சன்னலும் ஒரே மட்டத்தில் இருந்தன. பிள்ளைகள் திகைத்துப் போனார்கள்.

வகுப்பில் வாயே திறக்காத ஏழாம் வகுப்புச் சிறுமி தன் வீட்டுச் சுவரில் இருந்த கறையைக் காட்டினாள். "ஃபெஞ்சல் புயலப்போ இதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு சார்."

2024 டிசம்பர் தொடக்கத்தில் வந்த வெள்ளம் அது. அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. காற்று 1 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிகமாக ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். இந்தப் பாடம் அன்று அந்தச் சுவரருகே எளிதாகப் புரிந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு வயலில் நத்தையும் நண்டும் குறைந்துவிட்டன என்றாள் அச்சிறுமி. ஒரு பையன் சிரித்தான். அவள் தலை குனிந்தாள். "நத்தை பொறுக்கப் போகிறவருக்குத்தான் வயலின் மாற்றம் முதலில் தெரியும். இன்றைக்கு இவள்தான் ஆசிரியர்" என்றோம். பூச்சிமருந்துக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று அவளே சொன்னாள். சிரித்த பையன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

மழை சாதி பார்த்துப் பெய்வதில்லை. ஆனால் பள்ளத்தில் யாரைக் குடிவைத்தோம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. பயிர் மூழ்கினால் சிட்டா, அடங்கல் உள்ளவர் நிவாரணம் கேட்கலாம். அதே வயலில் நடவும் களையெடுப்பும் செய்து பிழைப்பவர், இழந்த கூலிக்கு எந்தச் சான்றைக் காட்டுவார்?

மாணவர்களே, உங்கள் ஊரிலும் மட்டம் பாருங்கள். வெள்ளக் கறைகளை வீடுவீடாகக் குறித்து வையுங்கள். அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கூடுகிறது. வடிகாலைத் தூர்வார வேண்டும், காலனித் தெருவை மேடாக்க வேண்டும் என்று அங்கே பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்; தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். எங்கள் பிள்ளைகளின் குறிப்பேடும் அந்தச் சபைக்குத்தான் போகிறது.