மழைத்தண்ணீரைக் குடிக்கலாமா?

ஊர் திரும்பிய குடும்பங்களில் பல, கிணறு இறைத்துச் சுத்தமாக்கப்படும்வரை மழையைத்தான் நம்பியிருக்கின்றன. "வானத்தால விழுகிற தண்ணியில என்ன ஊத்தை?" என்று அம்மாமார் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வானத்தில் ஊத்தை குறைவுதான், கூரையில்தான் கூட.

மழைத்துளி விழும்போதே வளியைக் கழுவிக்கொண்டு வருகிறது. வளியிலுள்ள காபனீரொட்சைட்டு அதில் கரைவதால், மாசற்ற இடத்து மழைகூடச் சற்று அமிலத்தன்மையானது. தூய நீரின் பீ.எச். பெறுமானம் 7, மழையினது ஏறத்தாழ 5.6. இதற்குப் பயப்படத் தேவையில்லை, தேசிக்காய்ச் சாறு இதைவிடப் பல மடங்கு அமிலமானது. கடலோரத்தில் கொஞ்சம் உப்பும், மின்னலால் கொஞ்சம் நைத்திரேற்றும் சேரும். வாகனங்களும் ஆலைகளும் விடும் கந்தக, நைதரசன் வாயுக்கள் மழையின் அமிலத்தைக் கூட்டும். ஆலைகள் குறைந்த வன்னியில் இது பெரிய பிரச்சினையல்ல.

மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. அதனால்தான் சவர்க்காரம் நன்றாக நுரைக்கிறது, பருப்பும் கெதியில் அவிகிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்றுக் கூடியிருக்கிறது. அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. வவுனியாவின் சில கிணறுகளில் புளோரைட்டுக் கூட, பிள்ளைகளின் பல்லில் கறை விழுகிறது. இந்த இரண்டும் மழைநீரில் மிகக் குறைவு. ஆகவே சுத்தமாகப் பிடித்தால் மழைநீர் சில கிணறுகளைவிட நல்லது.

ஆனால் மாதக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த கூரையை நினைத்துப் பாருங்கள். காகம், வௌவால், எலி ஆகியவற்றின் எச்சம், உக்கிய சருகு, காணி துப்புரவாக்கும்போது எரித்த பற்றையின் கரி எல்லாம் அதில் படிந்திருக்கும். (ரயர், பிளாஸ்ரிக் எரிப்பதைத் தயவுசெய்து தவிருங்கள், அந்தப் புகை கூரையில்தான் படியும்.) எச்சத்திலுள்ள கிருமிகள் வயிற்றோட்டத்தைத் தரும். நீரைக் குமிழி எழும்பக் கொதிக்க வைத்து, மேலும் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டால் அவை சாகும்.

கொதித்தாலும் போகாதவை உண்டு. பழைய பெயின்ற் அடித்த தகரத்திலிருந்தும் ஈயத் தலை ஆணிகளிலிருந்தும் ஈயம் கரையலாம். சற்று அமிலமான மழைநீர் உலோகத்தை இலகுவாகக் கரைக்கும். பூச்சிமருந்து இருந்த பரலும் அப்படித்தான். எத்தனை தரம் கழுவினாலும் அதில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத பரலையும் விட்டுவிடுங்கள். கிடுகுக் கூரைத் தண்ணீர் கழுவல் வேலைக்கு மட்டும். அஸ்பெஸ்ரஸ் சீற் உடைந்திருந்தால் அதை வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம், அதன் தூசியைச் சுவாசிப்பதே பெரிய ஆபத்து.

ஐப்பசியில் வரும் முதல் மழை முழுவதையும் கூரை கழுவ விட்டுவிடுங்கள். மனம் வராதுதான், காத்திருந்த தண்ணீர். பிறகு வரும் ஒவ்வொரு மழையிலும் முதல் ஒரு மில்லிமீற்றரை மட்டும் ஒதுக்கினால் போதும். 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமுமான கூரைக்கு அது 20 லீற்றர், இரண்டு வாளி. அதே கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்துவது போக 160 லீற்றர் வரை கிடைக்கும். தறப்பாளில் பிடிப்பவர்களும் முதலில் அதைக் கழுவவிட்டே பிடியுங்கள்.

புதிய சீமெந்துத் தாங்கியில் முதலில் நிரம்பும் நீர் சுண்ணாம்புச் சுவையடிக்கும், அதைத் திறந்துவிடுங்கள். தாங்கியின் வாயை நுளம்பு புகாதபடி மெல்லிய வலையால் கட்டுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது இப்படித் தேங்கிய தெளிந்த நீரில்தான்.

பீலி பூட்டக் கூரையில் ஏறுமுன் கீழேயிருந்து நன்றாகப் பாருங்கள். கூரையிலோ பழைய தாங்கிக்குள்ளோ கிணற்றிலோ சந்தேகமான இரும்புப் பொருள் தெரிந்தால் தொட வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். பிள்ளைகளை அப்பால் கூட்டிச் சென்று, வந்த வழியாலேயே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிசாரிடமோ கண்ணிவெடி அகற்றும் குழுவிடமோ சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தக் கூரையின் தண்ணீர் வேண்டாம்.