தாடி ஓணானுக்கு வெப்பமும் ஒளியும்

கழுத்துத் தோலைத் தாடிபோல் உப்பச்செய்யும் இவ்வோணான் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிக்குரியது. தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இதற்கு இயலாது. ஆகவே, வளர்ப்புக் கூண்டின் ஒரு முனையில் மட்டும் விளக்கு அமைத்து, அதன் கீழுள்ள கல்லில் ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் நிலவச் செய்தல் வேண்டும். மறுமுனை 25 டிகிரி அளவில் இருப்பின், பிராணி தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடிக்கொள்ளும்.

ஆயினும், வெப்பம் மட்டும் போதாது. புற ஊதாக் கதிர்களுள் ‘பி’ வகை பட்டாலன்றித் தோலில் வைட்டமின் டி3 உண்டாவதில்லை. அச்சத்துக் குறைந்தால் உணவிலுள்ள கால்சியம் உடலில் நன்கு சேராது. எலும்புகள் மென்மையுற்று வளையும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடுவதால், அதன் வழியே வரும் வெயில் பயன்படாது. இவற்றை வீசும் தனிக் குழல்விளக்கு இன்றியமையாதது. பகலில் சுமார் 12 மணி நேரம் ஒளி தந்து, இரவில் விளக்குகளை அணைத்துவிடலாம். நாளடைவில், குழல் ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் புற ஊதாத் திறன் குன்றிவிடும். ஆதலின், கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் நம்பாது, குறித்த காலத்தில் அதனை மாற்றுதல் வேண்டும்.