விற்காத இசைத்தட்டுகள் – 14: கோடு போட்ட கப்பல்

போன வாரம் கதை எங்கே நின்றது என்று தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1981இல் ஓஎம்டி என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் 'ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி' ஆல்பம் சுமார் முப்பது லட்சம் விற்றது. 1983 மார்ச்சில் வந்த 'டாஸில் ஷிப்ஸ்' மூன்று லட்சத்தோடு நின்றது. குழுவினரே பிற்பாடு சொல்லிச் சிரித்த கணக்கு இது. மற்றதற்குப் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் அந்த ஆல்பத்தின் மறுவெளியீடுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் தலைப்பில் இருக்கும் கப்பல்களைப் பற்றி ஒரு பத்தி எழுதலாமே என்று படிக்க உட்கார்ந்தவன் எழுந்தபாடில்லை. பக்கம் முடிக்கிறவர்கள் அங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கட்டும்.

1917 ஏப்ரல், முதல் உலகப் போர். அந்த ஒரே மாதத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளால் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்கள் மூழ்கின. பிரிட்டனுக்குச் சாப்பாடே கப்பலில் வந்தால்தான் உண்டு. கப்பல் கண்ணுக்கே தெரியாதபடி சாயம் பூசிவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் நிறையப் பேர். நடக்கிற காரியமா? காலையில் ஒரு வானம், மாலையில் ஒரு வானம். எந்தச் சாயம் பூசினாலும் ஏதாவது ஒரு வெளிச்சத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே புகை வேறு கக்கிக்கொண்டு போகும்.

நார்மன் வில்கின்சன் என்ற கடல் ஓவியர் அப்போது கடற்படையின் தன்னார்வப் பிரிவில் இருந்தார். (டைட்டானிக்கின் முதல் வகுப்புப் புகைபிடிக்கும் அறையில் தொங்கிய பிளிமத் துறைமுக ஓவியம் இவர் வரைந்ததுதான், கப்பலோடு சேர்ந்து அதுவும் போனது. இதைச் சொல்ல வேறு இடம் கிடைக்காததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) வார இறுதியில் மீன்பிடிக்கப் போய்விட்டுத் திரும்பும்போது, குளிர் வாட்டிய ரயில் பெட்டியில் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாம். மறைக்க முடியாத கப்பலை மறைப்பானேன்? பார்க்கிறவனைக் குழப்பினால் போதாதா?

டார்பிடோ விடுகிறவன் கப்பல் இருக்கிற இடத்தைக் குறிவைப்பதில்லை. டார்பிடோ போய்ச் சேரும் நேரத்தில் கப்பல் எங்கே இருக்குமோ, அந்த வெற்றுக் கடலைக் குறிவைக்கிறான். அதற்குக் கப்பலின் வேகம், தூரம், போகும் திசை மூன்றும் தெரிய வேண்டும். பெரிஸ்கோப்பைத் தண்ணீருக்கு மேல் நெடுநேரம் நீட்டி வைத்திருக்கவும் முடியாது. எட்டிப் பார்த்துவிட்டு உடனே இறக்கிவிட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் முகப்பு எது, பின்புறம் எது, நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று அவன் தடுமாறினால் கப்பல் பிழைத்தது. ஆகவே கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று பட்டை பட்டையாக, தாறுமாறான கோணங்களில் பூசச் சொன்னார் வில்கின்சன். 'டாஸில்' என்று இந்தப் பூச்சுக்குப் பெயர்.

வேலை நடந்த இடம் லண்டனில் உள்ள ராயல் அகாடமி. ஓவியப் பள்ளிக்கூடம் திடீரென்று கப்பல் பட்டறை ஆகிவிட்டது. ஒவ்வொரு வகைக் கப்பலுக்கும் மரத்தில் சின்ன மாதிரி செய்வார்கள். அதற்குச் சாயம் பூசி, சுழலும் மேடையில் வைத்து, பின்னால் வெவ்வேறு வானம் வரைந்த திரைகளைத் தொங்கவிட்டு, நிஜப் பெரிஸ்கோப் வழியாகவே பார்ப்பார்கள். பார்க்கிறவர் திசையைத் தப்பாகச் சொன்னால் அந்தச் சாயம் தேறியது. பிறகு இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு வேறொன்று என்று வரைபடம் தயாராகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டியவர்கள் ஓவியம் படித்த இளம்பெண்கள். அவர்களில் ஒருவரை வில்கின்சன் 1918இல் மணந்துகொண்டார்.

மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பட்டறையைப் பார்க்க வந்த கதையை வில்கின்சனே எழுதிவைத்திருக்கிறார். மன்னர் இளவயதில் கடற்படையில் வேலை பார்த்தவர், கப்பல் தெரிந்தவர். பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்து, மாதிரிக் கப்பல் இந்தத் திசையில் போகிறது என்று ஒன்றைச் சொன்னார். மேடையில் அது வேறு பக்கம் பார்த்து நின்றிருந்தது. மன்னருக்கு வியப்புத் தாங்கவில்லை.

இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் இப்படிக் கோடு போட்டுக்கொண்டு கடலில் போயின. பலன் இருந்ததா என்றால், கடற்படையாலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. மாலுமிகளுக்குத் தெம்பு வந்தது என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். போர் முடிந்ததும் 'இது என் யோசனை' என்று கிளாஸ்கோவின் விலங்கியல் பேராசிரியர் ஜான் கிரஹாம் கெர் வழக்காடினார். வரிக்குதிரையை உதாரணம் காட்டி 1914லேயே சர்ச்சிலுக்குக் கடிதம் போட்டவர் அவர். பரிசு என்னவோ வில்கின்சனுக்குத்தான் போனது.

ஆல்பத்துக்கு வந்துவிட்டேன். லிவர்பூல் துறைமுகத்தில் இந்தப் பூச்சுவேலையை மேற்பார்த்தவர்களில் எட்வர்ட் வாட்ஸ்வொர்த் என்ற ஓவியரும் ஒருவர். 1919இல் அவர் வரைந்த 'லிவர்பூல் உலர்துறையில் டாஸில் கப்பல்கள்' ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். இப்போது ஒட்டாவாவில், கனடாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கப்பலின் முகப்பு நம் தலைக்கு மேல் எழும்பி நிற்க, அடியில் பூச்சுக்காரர்கள் பொடியாகத் தெரிகிறார்கள். ஓஎம்டிக்கு உறை வடிவமைத்த பீட்டர் சாவில் இந்த ஓவியத்தைக் காட்டித்தான் ஆல்பத்துக்குப் பெயரையே வாங்கிக்கொடுத்தார். குழுவின் ஆண்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும் லிவர்பூலுக்கு எதிர்க்கரையான விர்ரல் பகுதியில் வளர்ந்தவர்கள். எதிர்க்கரைக் கப்பலை அவர்களுக்குக் காட்ட மான்செஸ்டர்க்காரர் வர வேண்டியிருந்தது.

உறையில் கோடு, உள்ளே பாட்டு என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 2008இல் வந்த மறுவெளியீட்டுக் குறுந்தகட்டில் ஆறு தடங்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அதில் 'டெலிகிராஃப்' பாட்டின் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது. பதிவான வருஷம் 1981. அந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு ஆல்பத்தின் பன்னிரண்டு தடங்களையும் திரும்ப எண்ணிப் பாருங்கள். 'தி ரொமான்ஸ் ஆஃப் தி டெலஸ்கோப்' ஏற்கெனவே 'ஜோன் ஆஃப் ஆர்க்' சிங்கிளின் மறுபக்கத்தில் வந்தது. கடைசிப் பாட்டு 'மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்' சிங்கிளின் மறுபக்கம். 'ரேடியோ வேவ்ஸ்' ஓஎம்டி பிறப்பதற்கு முன்பே 'தி இட்' குழுவில் பாடிய சரக்கு. ஆக, பன்னிரண்டில் நான்கு பழசு. புதுப் பாட்டு ஊறவில்லை, கெடு நெருங்குகிறது. (அந்த அவஸ்தை எனக்குப் புரியாதா?) மிச்ச இடத்தில்தான் மெக்ளஸ்கி சிற்றலை வானொலியில் பிடித்த குரல்கள், பல நாட்டுத் தொலைபேசிகள் நேரம் சொல்லும் குரல்கள், எழுத்துக்கூட்டிப் பேசும் ஸ்பீக் அண்ட் ஸ்பெல் பொம்மை எல்லாம் வந்து உட்கார்ந்தன.

பரிசோதனைத் துணிச்சல் என்று இதை இன்று கொண்டாடுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். பற்றாக்குறையை மறைக்க முடியாதவர்கள் அதன் மேல் தாறுமாறாகக் கோடு இழுத்தார்கள் என்பேன். அந்தக் கோடுகள்தான் ஆல்பத்தின் உயிர் என்றும் சேர்த்தே சொல்வேன். தலைப்புத் தடத்தைக் கேளுங்கள்: சோனார் ஒலி, மணி, மூடுபனிச் சங்கு, எங்கோ அடியில் எஞ்சின். இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். பெயர் 'பாகம் 2, 3, 7'. மற்ற பாகங்கள் எங்கே என்று கேட்காதீர்கள். அது முடிந்தவுடன் பழைய 'டெலஸ்கோப்' தொடங்கும்போது, தனியாகக் கேட்டபோது சாதுவாக இருந்த பாட்டு நடுக்கடலில் தொலைந்தது போல ஒலிக்கிறது.

ரசிகர்கள் தப்பான திசையில்தான் குறிவைத்தார்கள். 'சூவனிர்' போல இன்னொரு ஹிட் பாட்டு வரும் என்று காத்திருந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது ஒரு கம்யூனிச நாட்டு வானொலியின் அடையாள இசை. ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. 'டெலிகிராஃப்' சிங்கிள் 42ஐத் தாண்டவில்லை. அடுத்த வருஷமே 'ஜங்க் கல்ச்சர்' என்று வெயிலும் கொண்டாட்டமுமாகத் திரும்பி வந்தார்கள். பயந்துபோனார்கள் என்பதுதான் என் தீர்ப்பு. 2023இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது அதே ஆல்பத்துக்கு வெளிவராத டெமோக்களையெல்லாம் சேர்த்துப் பந்தி போட்டார்கள்.

அந்த டெமோக்களையும், 2008 பதிப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஸ்விஸ் ரேடியோ இன்டர்நேஷனல்' தடத்தையும், முதல் தடமான 'ரேடியோ பிராக்'கையும் இந்த வாரமே முடித்திருக்க வேண்டும். கப்பல் இடத்தை அடைத்துக்கொண்டது. அடுத்த வாரம் சிற்றலை மட்டும்தான், சத்தியமாக. தமிழோசைக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே முள்ளைத் திருகும்போது ரேடியோ பிராக்கில் மாட்டிக்கொண்ட வாசகர்கள் யாராவது இருந்தால், நிகழ்ச்சியைக் கேட்டதை உறுதிசெய்து அந்த நிலையம் அனுப்பிய க்யூஎஸ்எல் அட்டை உங்கள் பெட்டியில் இன்னும் கிடந்தால், செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு நகல் அனுப்புங்கள்.