கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம்: பெயரும் பின்னணியும்

கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம் கோட்டையில் இல்லை, புறக்கோட்டையிலேயே உள்ளது. நாள்தோறும் அதனைப் பயன்படுத்துவோரும் எண்ணிப் பாராத உண்மை இது. கோட்டை ஆட்சியினதும் வங்கிகளினதும் இடமாகவும், புறக்கோட்டை கடைக்காரரினதும் சுமை தூக்குவோரினதும் இடமாகவும் வளர்ந்தவை. நிலையம் உழைப்போரின் பகுதியில் எழுந்தது. பெயரோ ஆள்வோரின் பகுதியிலிருந்து வந்தது. அதன் வரலாறு எழுதப்பட்ட முறையும் இத்தகையதே.

இன்றைய நிலையம் 1917 இல் திறக்கப்பட்டது. ஆயின் புகையிரதப் பாதை அதனினும் அரை நூற்றாண்டு மூத்தது. 1864 டிசெம்பர் 27 இல் முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுசவுக்குச் சென்றது. 1867 இல் பாதை கண்டியை அடைந்தது. கோப்பியை விரைவாகத் துறைமுகத்திற்குக் கொண்டுவரும் தேவையே இதன் அடிப்படை. 1854 இல் அமைந்த தோட்டத்துரைமார் சங்கம் இதனை இடையறாது வற்புறுத்தியது. 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது சரக்கு மாறியதேயன்றிப் பாதையின் நோக்கம் மாறவில்லை. கோப்பி வண்டியேறி இறங்கிய அக்காலத்தில், அதனை விளைவித்த தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மலைநாடு சென்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும், மூலதனம் தன் தேவைக்கு அமைத்த பாதை தொழிலாளரையும் ஒன்று திரட்டியது. 1912 இலேயே புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1923 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடந்த கொழும்புப் பொது வேலைநிறுத்தமும் அவர்களிடமிருந்தே தொடங்கியது. நிலையக் கட்டடத்தின் அழகை வியப்போர் இவற்றைக் குறிப்பிடுவது அரிது.

தமிழ் வாசகருக்கு இந்நிலையம் யாழ்தேவியின் புறப்பாட்டிடமுமாகும். 1956 ஏப்ரலில் அவ்வண்டி காங்கேசன்துறைக்கு ஓடத்தொடங்கியது. சில மாதங்களுள் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. தண்டவாளம் இணைத்த மக்களைச் சட்டம் பிரித்தது. போரினால் 1990 இல் வடக்கிற்கான சேவை அறுந்தது. 2014 ஒக்டோபரிலேயே வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. பாதையைத் திருத்த இரும்பும் கடனும் போதுமானவையாயிருந்தன. அப்பிரிவினையின் காரணங்கள் அவ்வாறு திருத்தப்படக்கூடியவை அல்ல.

ஒரு நிலையத்தின் வரலாறு அதன் முகப்பிலிருந்து அன்று, அதனூடாக எது சென்றது, யார் உழைத்தனர், யார் தடுக்கப்பட்டனர் என்ற வினாக்களிலிருந்தே எழுதப்படல் வேண்டும்.