வீடே பள்ளிக்கூடமாகலாமா?

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே வைத்துக் கற்பித்தால் என்ன என்னும் வினா இக்காலத்தில் நம் குடும்பங்களிலும் எழத் தொடங்கியிருக்கிறது. இலண்டனிலோ கனடாவிலோ வாழும் உறவினர், தமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அவ்வாறு செய்வதாகத் தொலைபேசியிற் சொல்கின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடங் கேட்டதைப் பெற்றோர் கண்ணாரக் கண்டனர். காலையிற் பாடசாலை, மாலையில் டியூட்டரி, இரவில் வீட்டுவேலை என்று பிள்ளை களைத்து விழுவதைக் காணுந்தோறும், ‘இவ்வளவு அலைச்சலும் எதற்கு?’ என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாதல் இயல்பே.

இவ்வினாவை நகைத்துத் தள்ளுதல் தகாது. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் பாடசாலையின் பக்கம் நின்றே பேசுவான் என்று வாசகர் எண்ணக்கூடும். ஆதலின் வீட்டுக் கல்விக்கு உள்ள வலிமையை முதலிற் கூறி, அதன் குறையைப் பின்னர் நோக்குவோம்.

தனிக் கவனத்தின் பயன்

40 மாணவர் இருக்கும் வகுப்பில் 40 நிமிடப் பாடவேளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் எத்துணைத் திறமையுடையவராயினும் ஒரு பிள்ளையின் பங்குக்குக் கிடைப்பது ஒரு நிமிடமே. விளங்கிய பிள்ளை காத்திருக்கிறது. விளங்காத பிள்ளை நாணத்தால் வாய் திறவாதிருக்கிறது. வீட்டிலோ, பிள்ளையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு விளங்கவில்லை என்பதைத் தாய் அறிகிறாள். பின்னக் கணக்கில் இடறினால் அன்று முழுவதும் பின்னத்திலேயே நிற்கலாம். அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டியதில்லை.

அமெரிக்கக் கல்வியியலறிஞர் பெஞ்சமின் புளூம் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று இத்துறையிற் பெரிதும் பேசப்படுவது. தனித்தனியே கற்பிக்கப்பட்டவர்களுள் நடுத்தரமான மாணவன்கூட, வழக்கமான வகுப்பிற் கற்றவர்களுள் 100க்கு 98 பேரை விஞ்சினான் என்று அவர் காட்டினார். பின்வந்த ஆராய்ச்சிகள் அப்பயன் உண்மையே எனினும் அத்துணைப் பெரிதன்று என்று கண்டன. இங்கே கருத வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. அம்மாணவர்க்கு அடிக்கடி சோதனை வைத்து, பிழை திருத்தி, ஒரு பகுதியைச் செவ்வனே கற்ற பின்னரே அடுத்த பகுதிக்கு அழைத்துச் சென்றனர். பிள்ளையின் அருகில் அமர்ந்திருத்தல் மாத்திரம் அப்பயனைத் தந்துவிடவில்லை.

மில்லின் வீடு

வீட்டுக் கல்வியின் சிறப்பையும் குறையையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜோன் ஸ்டூவர்ட் மில்லுடையது. 1806ஆம் ஆண்டிற் பிறந்த அவர் பள்ளிக்கூடத்துக்கே சென்றதில்லை. தந்தையார் ஜேம்ஸ் மில்லே அவருக்கு ஆசிரியர். மூன்று வயதிற் கிரேக்க மொழியும் எட்டு வயதில் இலத்தீனும் தொடங்கப்பட்டன. தந்தையார் இந்திய வரலாற்று நூலை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் மகனும் அமர்ந்து பாடம் படித்தான். தெரியாத சொல் வருந்தோறும் மகன் கேட்க, தந்தை எழுதுவதை நிறுத்திப் பொருள் கூறினார். காலையில் இருவரும் உலாவச் செல்கையில், முன்னாட் படித்ததை மகன் ஒப்புவிப்பான். இக்கல்வியினால் தம் வயதினரைவிடக் கால் நூற்றாண்டு முன்னே நின்றதாக மில் பின்னாளில் எழுதினார்.

ஆயின் அவரே எழுதிய தன்வரலாறு மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. பிற சிறுவரோடு பழகினாற் கெடுவான் என்று தந்தையார் அவரை விலக்கியே வைத்தார். கையினாற் செய்யும் வேலைகளில் அவர் வாழ்நாள் முழுவதும் திறமையற்றவராயிருந்தார். 1826ஆம் ஆண்டில், 20 வயதில், கடுமையான மனச்சோர்வு அவரைப் பற்றியது. எதையும் பகுத்தாராயும் பழக்கம் வளர்ந்த அளவுக்கு உணர்ச்சி வளராமையே அதற்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு. இரண்டாண்டின் பின்னர் வேர்ட்ஸ்வர்த்தின் கவிதைகள் அவருக்கு ஆறுதலளித்தன.

இது வீட்டுக் கல்வி பயிலும் பிள்ளைகள் யாவர்க்கும் நேர்வது என்று கொள்ளலாகாது. ஆயினும் அறிவை மாத்திரம் அளந்து பார்த்து, கல்வி நிறைந்தது என்று பெற்றோர் மகிழ்தல் கூடாது என்பதற்கு இது போதிய சான்று.

வீட்டிற் கற்றவர் பள்ளி அமைத்தார்

இரவீந்திரநாத தாகூரும் பாடசாலையை வெறுத்தவரே. பல பாடசாலைகளிற் சேர்க்கப்பட்டும் எதிலும் நிலைக்கவில்லை. வீட்டிலே தமையனார் ஹேமேந்திரநாதர் மேற்பார்வையில் மல்யுத்தம், கணிதம், சித்திரம், ஆங்கிலம் எனப் பலவும் பயின்றார். அவ்வீட்டிற் பாடுவோரும் எழுதுவோரும் நிறைந்திருந்தனர். ஆசிரியர்கள் வீடு தேடி வந்தனர். அத்தகைய வீடு எத்தனை பேருக்கு வாய்க்கும்? இத்தாகூரே 1901ஆம் ஆண்டிற் சாந்திநிகேதனத்தில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார் என்பது சிந்திக்கற்பாலது.

நம் நாட்டு வரலாறும் இதனையே உணர்த்துகிறது. மிஷன் பாடசாலைகளின் கல்வி சைவப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது எனக் கண்ட ஆறுமுக நாவலர், 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களையும் எழுதினார். பிள்ளைகளை வீட்டில் இருத்துங்கள் என்று கூறி அமைந்திருப்பின் சில வீடுகளே பயனடைந்திருக்கும். ஒரு வீட்டின் மனக்குறை பெரும்பாலும் பத்து வீடுகளின் மனக்குறையாயிருத்தலை நாம் மறத்தலாகாது.

சட்டத்தின் நிலை

இவ்விஷயத்தில் நாடுகள் ஒருமித்த கருத்துடையன அல்ல. பிள்ளைக்குத் தக்க கல்வியைப் பாடசாலையிலோ வேறு வழியிலோ பெற்றோர் அளிக்கலாம் என்று இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறிற்று. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறிற்று. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்விக்கு இடமுண்டு. ஜேர்மனியிலோ பாடசாலை வரவு கட்டாயமானது. அதனை எதிர்த்த பெற்றோரின் முறைப்பாட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் ஏற்க மறுத்தது. பல்வேறு குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றாய்ப் பழகி வளர்தல் சமூகத்துக்கு வேண்டும் என்பது ஜேர்மன் நீதிமன்றங்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று.

இலங்கையில் 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வியை வகுத்தன. 2016ஆம் ஆண்டில் அவ்வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. எனவே வீட்டுக் கல்வியை நாடும் பெற்றோர், பிள்ளையை நிறுத்துமுன் வலயக் கல்வி அலுவலகத்துக்குச் சென்று விசாரித்து, எழுத்து மூலம் பதில் பெறுதல் அவசியம். க.பொ.த. பரீட்சைகளுக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றும் வழி உண்டு. ஆயினும் அதற்குரிய பாடங்களையும் விதிகளையும் முற்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

தீர்மானிக்கு முன்

பெற்றோர் முதலிற் கேட்க வேண்டிய வினா, பிள்ளை ஏன் பாடசாலையை வெறுக்கிறது என்பதே. கரும்பலகை எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு வேண்டுவது மூக்குக்கண்ணாடி. சக மாணவரின் கேலிக்கோ அடிக்கோ அஞ்சும் பிள்ளைக்கு வேண்டுவது அதிபரோடு ஒரு பேச்சு. அதனாற் பயனில்லையெனின் வேறு பாடசாலை. எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாமல் தடுமாறும் பிள்ளைக்கு வேண்டுவது அத்துறையிற் பயிற்சி பெற்றவரின் உதவி. இவற்றைச் செய்து பாராது பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தால், நோயும் கூடவே வந்துவிடும். ஆனால் நெடுநாட் பிணியாலோ, வேறெவ்வாற்றானும் நீங்காத துன்பத்தாலோ பாடசாலை செல்ல இயலாத பிள்ளைக்கு வீட்டுக் கல்வி உண்மையிலேயே அடைக்கலமாகும்.

இரண்டாவது வினா, கற்பிப்பவர் யார்? ‘நாங்கள் கற்பிப்போம்’ என்று சொல்லும் வீடுகளிற் பெரும்பாலும் அச்சுமை தாயின் தலையிலேயே விழுகிறது. அவள் உத்தியோகத்தை விட வேண்டுமாயின் குடும்ப வருமானம் குறையும். எட்டாம் வகுப்புக்குப் பின்னர் விஞ்ஞானமும் கணிதமும் யார் சொல்லிக் கொடுப்பது? அதற்கும் டியூட்டரியையே நாடுவதாயின், தவிர்க்க எண்ணிய அலைச்சல் வேறு வழியாகத் திரும்பி வரும்.

மூன்றாவது வினா, தோழர் எங்கே? விளையாட்டிலே தோற்றுச் சிரிக்கவும், வேற்றுச் சமயத்தான் ஒருவனோடு உணவைப் பகிரவும், பிடிக்காத ஒருவனோடு ஒரே வாங்கில் அமரவும் பிள்ளை பழக வேண்டும். அயலிலே அதற்கு இடமுண்டா என்று பாருங்கள்.

இம்மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைப்பினும் உடனே முடிவு செய்ய வேண்டாம். தவணை விடுமுறை ஒன்றைச் சோதனையாகக் கொள்ளுங்கள். நேரசூசி ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டி, மூன்று கிழமை நடத்திப் பாருங்கள். கலியாணம், காய்ச்சல், விருந்தினர் வருகை யாவற்றையும் தாண்டி அந்நேரசூசி நிலைத்ததா? அடுக்களை வேலைக்கிடையே தாய்க்குப் பொறுமை நிலைத்ததா? தந்தையார் தம் பங்கைச் செய்தாரா? சுவரில் ஒட்டிய அத்தாளே விடை கூறும்.

நம்மிற் பெரும்பாலோர்க்கு இச்சோதனையின் முடிவு, பாடசாலையே வேண்டும் என்பதாகவே இருக்கும் என்பது எனது கருத்து. ஆனால் அதனோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. கட்டணஞ் செலுத்திவிட்டோம், டியூட்டரிக்கு அனுப்பிவிட்டோம் என்று பெற்றோர் ஒதுங்கியிருப்பதனாலன்றோ பல பிள்ளைகள் 40 பேருக்குள் ஒருவராய் மறைந்து போகின்றனர்! இரவில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். அன்று விளங்காத ஒன்றைக் கேட்டறிந்து விளக்குங்கள். உங்களுக்கும் விளங்கவில்லையெனின், மறுநாள் ஆசிரியரிடம் கேட்குமாறு ஊக்குங்கள். ஜேம்ஸ் மில்லின் மேசை நமக்குத் தரக்கூடிய நன்மை அந்த ஒரு மணி நேரத்திற் கிடைத்துவிடும். காலையிற் பிள்ளை தன் தோழரோடு பாடசாலைக்குப் போகட்டும்.